மெட்டியை வெட்டினவள்

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடுகிறது. நான் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இங்கே மாறினேன். இப்படி என் பக்கத்தில் வாங்க. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்க, தரையில் வைக்காதீங்க, ஆஸ்பத்திரித் தரை. இவ்வளவு உயரத்துக்குக் கட்டடம் எழுப்பத் தெரிகிறது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நாலு உருப்படியான நாற்காலி போடத் தெரியவில்லை.

எக்கோவுக்கா? வீட்டுக்காரரா, உள்ளே போயிருக்கிறாரா? பயப்படாதீங்க. ஒரு பசையைத் தடவி, கருவியை வைத்து நெஞ்சு முழுக்க இழுப்பார்கள். மார்கழிக் கோலம் மாதிரி. வலிக்காது. அந்தப் பசைதான் ஐஸ் மாதிரி இருக்கும். 'சொல்லிவிட்டுத் தடவ வேண்டாமா?' என்று போன தடவை அந்தப் பெண்ணை நான் கேட்டேன். பல்லைக் காட்டினாள்.

எனக்கா? எனக்கு ஒன்றுமில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு எனக்கு முறையே இல்லை, அடுத்த வாரம்தான். என் மருமகள் நேற்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்தாள், செருப்பைக் கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். 'நாளைக்கே போறோம்' என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். வண்டியை நிறுத்தக் கீழே போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் உங்களிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டும். வீட்டில் நியாயம் கேட்க எனக்கு ஆளில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டால் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

நீங்களே சொல்லுங்க. கட்டின புருஷன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது, ஒருத்தி கால் மெட்டியை இன்னொருத்தி வெட்டலாமா? கழற்றினாள் என்று சொல்லவில்லை. வெட்டினாள். கட்டிங் பிளேயரால். அதுவும் கார்த்திகை தீபத்தன்று.

ம்? நியாயமே இல்லை. எனக்குத் தெரியும்.

இருங்க. இந்த ஏசியை நேரே என் முகத்தில் அடிக்க விட்டிருக்கிறார்கள், பேச்சு முட்டுகிறது. ம். சரி.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நான் கான்வென்ட்டில் படித்தவள். சும்மா இங்கிலீஷ் மீடியம் இல்லை, கன்னியாஸ்திரிகள் கையில் படித்தவள். முதுகு வளைந்தால் ஸ்கேல் வரும். சிஸ்டர் பிலோமினா என்று ஒருத்தர், வகுப்பு நடக்கும்போது பாத்ரூம் போக வேண்டும் என்று எழுந்து நின்றால், 'ஐந்து நிமிஷம் தன்னை அடக்க முடியாதவள் வாழ்க்கையில் எதை அடக்குவாள்?' என்று இங்கிலீஷில் கேட்பார். ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள். ஒரு நாள் கூட லீவு போடாததற்கு மெடல் கொடுப்பார்கள். வருஷா வருஷம் எனக்குத்தான். ஒரு தடவை பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் பூசணிக்காய். ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் பாதி வகுப்பு லீவு. நான் லீவு இல்லை. அந்த மெடல் இன்றைக்கும் ஷோகேஸில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

அந்த வளர்ப்பு எங்கே, இவள் வளர்ப்பு எங்கே. இவள் ஒட்டன்சத்திரம் பக்கம். கபடி ஆடுகிறவள். ஆமாங்க, கபடி. பொட்டப்பிள்ளை அரை டிராயரைப் போட்டுக்கொண்டு மண்ணில் புரண்டு ஆடி, அதற்கு ரயில்வேயில் வேலையும் கொடுத்துவிட்டார்கள். டிக்கெட் பரிசோதகர். என் மகன் ஒரு நாள் தஞ்சாவூரிலிருந்து அவசரமாக டிக்கெட் எடுக்காமல் ஏறியிருக்கிறான். அபராதம் போட வந்தவள் ஆளையே எடுத்துக்கொண்டாள். அவனுக்கு பெங்களூரில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவான். இவளுக்கு வேலை திருச்சி ஜங்ஷன். அதனால் என் தலையில்.

பெயரா? பெயர் எதற்கு? நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. 'இந்தாம்மா' என்பேன், வருவாள்.

யாரையும் நம்ப மாட்டாள், அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. தொழில் புத்தி. 'சாப்பிட்டேன்' என்றால் தட்டைப் பார்ப்பாள். 'தூங்கினேன்' என்றால் கண்ணைப் பார்ப்பாள். ஏதோ நான் வித்-அவுட்டில் வந்தவள் மாதிரி. யார் வீட்டில் யார் டிக்கெட் கேட்கிறது பாருங்க.

ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், எங்கள் வீட்டில் காய்ச்சல். வைரல் காய்ச்சல். அவள்தான் கொண்டுவந்திருப்பாள், தினம் ஒரு ரயில், ஆயிரம் பேர் மூச்சு. எனக்கு அதற்கு முந்தின வாரமே உடம்பு கணகணவென்றுதான் இருந்தது, ஆனால் அது காய்ச்சல் என்று நான் யாரிடமும் சொல்லவில்லையே. சொன்னால்தானே காய்ச்சல்? ஒரு மாத்திரையைப் போட்டேன், அதிரசத்துக்கு மாவு இடித்தேன், முறுக்கு சுட்டேன், பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தனுப்பினேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. இருந்தால் என்ன? எண்ணெய்ச் சட்டியை யார் பார்ப்பது?

மகாராணிக்கு அதே காய்ச்சல் வந்தது. படுத்தாள். படுத்தாள் என்றால், தீபாவளி போய், அமாவாசை போய், காய்ச்சலும் போய், அப்புறமும் படுத்தாள். வேலைக்குப் போவாள், வருவாள், படுப்பாள். கபடிப் பயிற்சிக்கு ஒரு மாதம் போக மாட்டாளாம். கோச்சிடம் அவளே சொல்லிவிட்டாளாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? 'ஏம்மா, தேக்கு மரமாட்டம் உடம்பை வச்சுக்கிட்டு வாழைத்தண்டாட்டம் விழுந்து கிடக்கிறியே' என்றேன்.

'அத்தை, காய்ச்சல் போனாலும் நெஞ்சுக்குக் கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுக்கணும்த்தை' என்றாள். 'எங்க டீம்ல ஜெகதான்னு ஒருத்தி. இதே மாதிரி காய்ச்சல் வந்துச்சு. போயிருச்சுன்னு நெனச்சு மேட்ச்சுக்கு வந்துட்டா. கபடி கபடின்னு பாடிக்கிட்டுப் போனவ, கோட்டுக்கு அந்தப் பக்கமே உக்காந்துட்டா. ஒருத்தரும் அவளைப் பிடிக்கவே இல்லை. நாங்க சிரிச்சோம், நடிக்கிறான்னு.'

'நடிப்பாத்தான் இருக்கும்.'

'இல்லத்தை.'

'அப்புறம்?'

'அப்புறம் அவ ஆடலை' என்றாள். அவ்வளவுதான். எழுந்து குழம்பைச் சூடு பண்ணப் போய்விட்டாள். முடிவு இல்லாமல் கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆடவில்லை என்றால் என்ன? காலில் சுளுக்கா, கல்யாணமா, என்ன? சொல்லத் தெரிய வேண்டாம்?

போய்ச் சேரட்டும். நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஐப்பசியிலிருந்து எனக்கு நேரம் சரியில்லை. தொட்டதெல்லாம் கோளாறு. முதலில் தலையணை. இலவம்பஞ்சு என்று சொல்லி கடைக்காரன் என்னத்தையோ அடைத்துக் கொடுத்துவிட்டான். ஒன்று வைத்துப் படுத்தால் மூச்சு முட்டுகிறது. இரண்டு வைத்தேன். மூன்று வைத்தேன். கடைசியில் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு தூங்கினேன். அப்படி ஒரு மட்டமான பஞ்சு. இவரை அனுப்பி மாற்றிக்கொண்டு வரச் சொன்னால், 'எனக்கு நல்லாத்தானே இருக்கு' என்கிறார். இவருக்குக் கருங்கல்லைக் கொடுத்தாலும் தூங்குவார்.

அப்புறம் செருப்பு. ஆடியில் வாங்கினது, அளவு பார்த்து வாங்கினது, கார்த்திகை பிறப்பதற்குள் சுருங்கிவிட்டது. தோல் என்று சொல்லி ரெக்சினைத் தலையில் கட்டினால் சுருங்காமல் என்ன செய்யும்? கடைக்காரனிடம் போய்க் கத்தினேன். 'அம்மா, உங்க கால்தான்' என்று ஆரம்பித்தான். 'காலைப் பத்திப் பேசாதே, செருப்பைப் பத்திப் பேசு' என்றேன்.

எங்கள் வீட்டு வாசல் பக்க மாடிப்படி இருக்கிறதே, அதைக் கட்டின கொத்தனார் ஒரு குடிகாரன். திருப்பத்துக்கு மேலே படியெல்லாம் உயரம் கூட. இத்தனை வருஷம் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை. துணி காயப்போடப் போனால் திருப்பத்தில் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது. அதுவும் நல்லதுதான், அங்கே உட்கார்ந்தால் எதிர்வீட்டு அடுப்படி தெரியும். படுத்தால் இருமல் வரும், அது இவள் வைக்கிற கப் சாம்பிராணி. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், அது இவளேதான். இவள் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எனக்குப் படபடப்புதானே.

ஏன் சிரிக்கிறீங்க? சிரிக்கவில்லையா? சரி. அப்படியென்றால் ஏன் என் காலையே பார்க்கிறீங்க?

அவளும் அப்படித்தான். கபடிக்காரி இல்லையா, ஆளைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள், கணுக்காலைப் பார்ப்பாள். எங்கே பிடித்தால் விழுவாள் என்று. கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். வந்தாள். என் முன்னால் முழங்கால் போட்டுக் குனிந்தாள். இரண்டு கையாலும் என் காலைப் பிடித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணத்தன்றுகூட புகைப்படக்காரன் சொல்லித்தான் விழுந்தாள். சரி, இப்போதாவது புத்தி வந்ததே என்று, நானும் பெரிய மனுஷி இல்லையா, கையை அவள் தலையில் வைத்து, 'தீர்க்க சுமங்கலியா இரும்மா' என்றேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது எனக்கு.

அவள் கட்டைவிரலால் என் கணுக்காலை அழுத்துகிறாள்! அழுத்தி, விரலை எடுத்துவிட்டுப் பார்க்கிறாள். அங்கே குழி. இட்லி வெந்துவிட்டதா என்று விரலை வைத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. குழி மேலே வரவில்லை.

'என்னடி பண்றே?'

'அத்தை, எத்தனை நாளா இப்படி?'

'எப்படி?'

'காலு.'

'எங்க வம்சத்துக்கே காலு இப்படித்தான். ராஜகளை' என்றேன்.

அவள் சிரிக்கவே இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி என்றாள். முடியாது என்றேன். குழம்பில் உப்பைக் குறைத்தாள். நான் ஊறுகாயைக் கூட்டினேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கவிடவில்லை. அவள் டூட்டிக்குப் போனதும் இரண்டு குடமாகத் தூக்கினேன். எனக்குப் புரியாதா? மாமியாரை மெதுவாக அடுப்படியிலிருந்து கிளப்புகிற வேலை. 'உங்களுக்கு முடியாதுத்தை, நான் பாத்துக்கிறேன்' என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் கொத்துச்சாவி இடுப்பு மாறும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் மாமியார் இருக்கிறாரா? நீங்கள் அப்படிச் செய்யாதீங்க.

இருங்க. ஒரு நிமிஷம். தண்ணீர் வேண்டாம், எனக்குத் தண்ணீர்கூட அளந்துதான் கொடுக்கிறார்கள். இந்த ஏசியைக் குறைக்கச் சொல்லுங்களேன் யாராவது.

கார்த்திகை தீபம். மொட்டைமாடிச் சுவரில் விளக்கு வைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. தாம்பாளத்தில் அகல்களை அடுக்கி, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, நான் எடுத்துக்கொண்டு ஏறினேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் ஏற முடிந்தது. திருப்பம் வரைக்கும் போனேன். அதற்கு மேலே அந்தக் குடிகாரன் கட்டின படி. உட்கார்ந்தேன். நிலவு ஏறிக்கொண்டிருந்தது, அழகாக இருந்தது, பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். தாம்பாளத்தைக் கீழே வைக்கிற நேரத்தில் கை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அகல் எல்லாம் படியில் உருண்டு போகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. ஆனால் எங்கேயோ தூரத்தில் கேட்கிறது. யாரோ மூச்சுக்குத் தவிக்கிற சத்தமும் கேட்கிறது, அது யார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஈரத் தலையோடு ஓடி வந்தாள். 'அத்தை, என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க' என்கிறாள். அப்புறம் ஒரு காரியம் செய்தாள் பாருங்க, அதை நான் மன்னிக்கவே மாட்டேன். என்னைத் தூக்கிவிட்டாள். எழுபது கிலோவை. நெல் மூட்டையைத் தூக்குகிற மாதிரி. கார்த்திகை, தெரு முழுக்க வாசலில் விளக்கோடு நிற்கிறது, நான் என் மருமகள் தோளில். எதிர்வீட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டாளாம். என்ன நினைத்துக் கும்பிட்டாளோ.

ஹாலில் கொண்டுவந்து சாய்த்து உட்கார வைத்தாள். காரைக் கூப்பிட்டாள். கார் வருவதற்குள் அவள் கண் மறுபடியும் காலுக்குப் போய்விட்டது. மெட்டி போட்ட விரல் நாவல்பழம் மாதிரி இருக்கிறது என்கிறாள். கழற்றப் பார்த்தாள். வரவில்லை. சோப்பு போட்டாள், தேங்காய் எண்ணெய் போட்டாள், நூலைச் சுற்றினாள். கல்யாணத்தன்று எங்கள் வீட்டுக்காரர் அம்மிமேல் என் காலை வைத்துப் போட்ட மெட்டி, அவ்வளவு சுலபமாக வருமா? 'மாமா, கட்டிங் பிளேயர் எடுங்க' என்றாள். நான் கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன், சத்தம் வரவில்லை. இவர், நான் சொல்கிறேன் பாருங்க, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்க, இவர் போய்க் கருவியை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்ததும் இல்லாமல், குனிந்து டார்ச் அடிக்கிறார்! தன் பெண்டாட்டியின் மெட்டியை வெட்டுவதற்கு, தாலி கட்டினவர், உயிரோடு, பக்கத்தில் நின்று டார்ச்! உலகத்தில் எந்தச் சுமங்கலிக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

டக் என்றது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் இன்னொரு கால். இன்னொரு டக்.

இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தாள். மூக்கில் குழாய், கையில் ஊசி, நெஞ்செல்லாம் ஒயர். டாக்டர் என் மகன் வயசு. 'ஆன்ட்டி, வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் சில பேருக்கு இதயத் தசையே வீங்கிப்போகும். உங்களுக்கும் அதுவா இருக்கலாம். பம்பிங் பாதிக்கும் கீழே இருக்கு' என்றார்.

'இருக்கலாமா, இருக்கிறதா?' என்றேன்.

'இருக்க வாய்ப்பு நிறைய இருக்கு ஆன்ட்டி.'

இது ஒரு பதிலா? சிஸ்டர் பிலோமினாவிடம் இப்படிச் சொல்லியிருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பார். பூமி உருண்டையாக இருக்கலாம், இரண்டும் இரண்டும் நாலாக இருக்கலாம். 'ஓய்வும் மாத்திரையும் ஒழுங்கா இருந்தா நிறைய பேருக்குப் பழையபடி திரும்பிடும். இல்லேன்னா...' என்றார். அந்த 'இல்லேன்னா'வுக்கு அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். இந்த டாக்டரும் இப்போது அவளை மாதிரியே முடிவு இல்லாமல் கதை சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் நான் விருந்தாளி. என் கட்டிலை ஹாலுக்கு மாற்றிவிட்டாள். அடுப்படி அவளுடையது. பொங்கல் வருகிறது. இந்தத் தடவை பானையை யார் வைப்பது என்று இன்றைக்கு எக்கோவைப் பார்த்துத்தான் சொல்வார்களாம். என் வீட்டுப் பொங்கல் பானைக்கு இந்த ஆஸ்பத்திரி உத்தரவு போட வேண்டும். மெட்டி வாங்கிக்கொடு என்றேன். 'வீக்கம் சுத்தமா வடியட்டும்த்தை, நானே வாங்கிப் போடுறேன்' என்கிறாள். அவள் போடுவாளாம். அதுவரைக்கும் நான் வெறுங்காலோடு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், இவரைப் பற்றி? பாவம், பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற மனுஷன்.

நம்பவில்லையா? இருங்க, காட்டுகிறேன். இந்தப் பையின் பக்க ஜிப்பில்தான் வைத்திருக்கிறேன், வீட்டில் வைத்தால் தூக்கிப் போட்டுவிடுவாள். இதோ. பாருங்க, எப்படி வெட்டியிருக்கிறாள். வெள்ளி எப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது பாருங்க.

அதுவா? அது ஒன்றுமில்லை. டிஷ்யூ பேப்பர். அதை எடுக்காதீங்க. ஐயோ, கொட்டிவிட்டீர்களா, கொடுங்க இப்படி. மாத்திரைதான். நீர் மாத்திரை. தினம் காலையில் போட வேண்டுமாம். உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் யாரோ நான் யாரோ. அதைப் போட்டால் மத்தியானம் வரைக்கும் பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடைதான். போன வாரம் தஞ்சாவூரில் என் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். மேடையில் நிற்கும்போது ஓடச் சொல்கிறீர்களா? பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் காட்டுக்குள் போகச் சொல்கிறீர்களா? அன்றைக்குப் போடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் போடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் எதற்கு? அவள் வீட்டில் இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். போன வாரத்திலிருந்து நேற்று வரைக்கும் அவளுக்குச் சென்னைப் பக்கம் டூட்டி. இவர்தான் மாத்திரை கொடுத்தார். இவர் பேப்பரைப் புரட்டுவதற்குள் டிஷ்யூவுக்குப் போய்விடும்.

அப்படிப் பார்க்காதீங்க. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தலையணைதான் மறுபடியும் அமுங்கிவிட்டது.

அதோ, அவள்தான். லிஃப்ட் இருக்கும்போது படியில் ஏறி வருகிறாள் பாருங்க, இரண்டு இரண்டு படியாக. சீக்கிரம், ஒரு உதவி. என் புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்க, கால் தெரியக் கூடாது. நான் குனிந்தால், குனிய முடியாமல் இல்லை, நாற்காலி தாழ்வு. இன்னும் கொஞ்சம். அந்தப் பக்கமும்.

என்ன? ஏன் அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள்? ஏங்க, விரலை எடுங்க. விரலை எடுங்கன்னு சொல்றேன். நீங்களுமா?

வரும். அந்தக் குழி மேலே வரும். கொஞ்சம் நேரம் ஆகும். காலையில்கூட வந்தது. வந்த மாதிரிதான் இருந்தது.

யார் அங்கே கத்துவது? 'இந்துமதி, இந்துமதி யாரு?'வாம். இந்துமதி இங்கேதான் இருக்கிறாள், செவிடு இல்லை. அவசரம் எதற்கு? எழுந்து வர வேண்டாமா மனுஷி? இந்த ஏசி... இருங்க. இந்தக் கைப்பிடி வழுக்குகிறது. இருங்க, ஒரு மூச்சு. இல்லை, இன்னொன்று.

கத்தாதே. ஆஸ்பத்திரியில் 'அத்தை'ன்னு அப்படியா கத்துவது? எனக்கு ஒன்றுமில்லை. இந்த அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். கையைக் கொடு. தூக்கக் கூடாது, சொல்லிவிட்டேன், எல்லோரும் பார்க்கிறார்கள். பிடித்துக்கொண்டால் போதும். மெதுவாடி காளீஸ்வரி, இது ஒண்ணும் உன் கபடி கிரவுண்டு இல்லை.

ஏங்க, அந்தப் பை. அதை நீங்களே வைத்திருங்க, நான் வந்து...

வேண்டாம். இவளிடம் கொடுத்துவிடுங்க. பக்க ஜிப்பைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். இவளே திறந்து பார்ப்பாள். டிக்கெட் பரிசோதகர் இல்லையா.